வயிற்றுக்குள் ஒரு மாதம் பையனாக இருந்தவள்

1

என் மகள் நிலாவுக்கு இந்த மாதம் ஆறு வயது முடிகிறது. அயர்லாந்தில் நாங்கள் வசிக்கும் கார்க் நகரத்தில் பிறந்திருக்க வேண்டியவள், கோயமுத்தூரில் பிறந்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தியூரிலிருந்து என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன் பழனிச்சாமி, வாழ்த்துச் சொல்ல வீடியோவில் வந்தார். காமிராவில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

“ஏன் தம்பி, கேக்கு வெட்டிப்போட்டியா?” என்றார் நெற்றி. அடுத்த நொடியே, “அட, பாப்பா! பழைய நெனப்புல வந்துபோச்சு கண்ணு” என்று சிரித்துச் சமாளித்தார்.

நிலா அவருக்குக் கையசைத்தாள். போனை வைத்த பிறகு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “அம்மா, நான் இந்தியாவுல பையனா இருந்தேனா?”

என் கணவர் செந்தில் எதையோ தேடுகிற மாதிரி ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டார். தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

நிலாவின் தமிழ் அவளுக்கென்றே அமைந்த தமிழ். கார்க் ஊர்க்காரர்களைப் போல ஒவ்வொரு வாக்கியத்தையும் மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவாள். “பல்லைத் துவைச்சுட்டேன்” என்பாள். நான் திருத்தினால், சட்டைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்பதைப் போலப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை வகுப்பில் வார இறுதிக் கதை சொல்ல அவளுடைய முறை. இந்தியாவில் பையனாக இருந்தேன், விமானத்தில் வரும்போது பெண்ணாகிவிட்டேன் என்று சொல்லப்போவதாக அறிவித்தாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் முதலில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு நம் உடல்நலம் விசாரிப்பார்கள். விஷயத்துக்கு வருவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

எனவே அவளை மடியில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சொன்னபோது விட்டுவிட்ட சிலவற்றையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஏழாவது மாதம் நெருங்கும்போது என் வயிறு இருக்க வேண்டிய அளவில் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் நோரா. எங்கள் மருத்துவமனையின் பிரசவச் செவிலி. பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த, சிவந்த கன்னங்கள் உள்ள பெண்மணி. மாலதி என்ற பெயர் அவர் வாயில் நுழையாது. என்னை ‘மெலடி’ என்றே கூப்பிட்டார். மூன்று தடவை திருத்திவிட்டு நானும் மெலடியாகவே இருந்துகொண்டேன்.

நோரா டேப்பை வைத்து வயிற்றை அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு ஒரு ஆராய்ச்சி டாக்டரிடம் அழைத்துப்போனார். வயிற்றுக்குள் வளர்ச்சி குறைகிற குழந்தைகளைப் பற்றி ஆராய்கிறவர். என் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலந்துகொண்டே இருக்கிறதாம். அதில் ஒன்று ரத்தக் குழாய்களை வளரச் சொல்கிறது. இன்னொன்று வேண்டாம் என்று தடுக்கிறது. முதலாவது குறைந்து இரண்டாவது கூடினால், குழந்தைக்குப் போக வேண்டியது சரியாகப் போகவில்லை என்று சந்தேகப்படலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. ஆண் குழந்தையைச் சுமப்பவர் ரத்தத்துக்கும் பெண் குழந்தையைச் சுமப்பவர் ரத்தத்துக்கும் இந்தப் பொருள்களில் சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதைத்தான் நான் தேடுகிறேன் என்றார். சாப்பாடு குறைந்தாலும் பையன்கள் வளர்ந்துகொண்டே போகப் பார்ப்பார்கள், பெண்கள் வளர்ச்சியைக் கொஞ்சம் நிறுத்திக் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்களாம். “ஆனால் இதை வைத்து எந்த ஒரு குழந்தையைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது” என்று முடித்தார்.

எங்களுக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இங்கே கேட்டால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். நானும் செந்திலும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

வளைகாப்புக்காக ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். குழந்தையின் வளர்ச்சி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, போனதும் அங்கே ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அரை மனதாக அனுமதித்தார்கள். அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வயிறு சின்னது, நஞ்சுக்கொடி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். எல்லாவற்றையும் அம்மா கேட்டுக்கொண்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

3

கோயமுத்தூர் விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்குவதற்கு முன்பே மாமா கேட்டார்: “ஏன் அம்மணி, அங்க ரத்தத்துலயே பையனா பொம்பளப்புள்ளையான்னு சொல்லிப்போடறாங்களாமே?”

“அப்படியில்லீங்க மாமா. கொஞ்சம் வித்தியாசம் இருக்குமான்னு இப்பத்தான் தேடறாங்க.”

“அதேதான் கண்ணு. வித்தியாசம் இருந்தாத் தெரிஞ்சுபோகுமில்ல?”

மாமா அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி விற்கிறவர். சினைக் குதிரை நடப்பதைப் பார்த்தே குட்டி ஆணா பெண்ணா என்று சொல்வார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. பாதி நேரம் சரியாக இருக்கும். இரண்டில் ஒன்றைச் சொன்னால் பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும் என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு ஹாலில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனத்தோடு நான் எழுந்தபோது மாமா கையைத் தட்டினார்.

“கண்ணு, இப்படியே சமையக்கட்டு வரைக்கும் போய்ட்டு வா பாக்கலாம்.”

நான் எதற்கென்று புரியாமல் நடந்தேன். சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். மாமா கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். “வலது காலை முன்னால போடறா. பையன்தான்.”

“ண்ணா, அவ சின்ன வயசுலருந்தே அப்படித்தான் நடக்கறா” என்றார் அம்மா.

“அப்பவே தெரிஞ்சிருக்கு பாரு.”

அன்றிலிருந்து என் வயிற்றுக்குப் பெயர் தம்பி. தம்பி சாப்பிட்டானா, தம்பி தூங்கறானா, தம்பிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கேரட் வந்திருக்கு, ஜூஸ் போடட்டுமா. என் வயிறு வளரவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

4

கார்க்கில் சொல்லியனுப்பிய ஸ்கேனுக்குக் கோயமுத்தூரில் டாக்டர் கோமதியிடம் போனோம். அவருடைய ஸ்கேன் அறை வாசலில் பெரிய பலகை. பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். அதன் கீழேதான் மாமா உட்கார்ந்திருந்தார்.

டாக்டருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குரல் மெதுவாக வரும், கண் திரையை விட்டு நகராது. என் வயிற்றில் கருவியை வைத்து நெடுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கார்க்கில் பார்த்ததற்கும் இன்றைக்கும் நடுவில் குழந்தை வளர்ந்ததே தெரியவில்லை, தொப்புள்கொடியில் ரத்தம் போக வேண்டிய வேகத்தில் போகவில்லை என்றார்.

“நீங்க இப்ப ஃபிளைட் ஏறக் கூடாதுங்க, மாலதி.”

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க டாக்டர், தம்பிக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?” என்றார்.

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். “யாருங்க தம்பி?”

“உள்ள இருக்கறவனுங்க.”

“அம்மா, இந்த ரூம்ல அவன், இவன், தம்பி, பாப்பா எதுவும் பேசாதீங்க. வெளிய யாராச்சும் கேட்டா நான் சொல்லிப்போட்டேன்னு நெனச்சுக்குவாங்க. என்ர லைசென்ஸ் போயிரும். குழந்தைன்னு சொல்லுங்க. இல்லாட்டி அதுன்னு சொல்லுங்க.” பிறகு என்னைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: “அங்க உங்களுக்கு ஏதாச்சும் சொல்லியிருந்தாலும் என்கிட்டச் சொல்லாதீங்க.”

“எனக்குத் தெரியாதுங்க.”

“ரொம்ப நல்லதுங்க.”

அந்த அறையில் அது யாரென்று தெரிந்தவர் டாக்டர் ஒருவர்தான். தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது.

கார்க்கில் எடுத்த அதே ரத்தப் பரிசோதனையை இங்கேயும் எடுக்கச் சொன்னார். மறுநாள் மாமா எங்களிடம் சொல்லாமல் லேபுக்குப் போன் போட்டிருக்கிறார். “ஏனுங்க, எங்க மாலதி ரத்தம் வந்துச்சுங்களே, பையனுங்களா?” லேப்காரர் பயந்துபோய் டாக்டருக்குச் சொல்ல, டாக்டர் மாமாவை வரவழைத்து, பலகையைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மாமா தமிழில் படித்தார். ஆங்கிலத்தை விட்டுவிட்டார். வெளியே வந்து என்னிடம் கிசுகிசுத்தார்: “பொண்ணா இருந்தா இத்தனை பயம் எதுக்கு? பையன்தான்.”

5

ரத்தப் பரிசோதனையில் அளவு மோசமாக இருந்தது. ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவெடுக்க டாக்டர் கோமதிக்கு மனமில்லை. ஆரம்பத்திலிருந்தே இப்படியா, இல்லை இந்தச் சில வாரங்களில் ஏறியதா என்று தெரிய வேண்டும். வேகமாக ஏறியிருந்தால் என்னை உடனே சேர்த்துக்கொண்டு, குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி போட்டு, சீக்கிரமே வெளியே எடுக்கத் தயாராக வேண்டும். அதற்குக் கார்க்கில் எடுத்த அளவு தேவைப்பட்டது.

கார்க்கில் அது ஆராய்ச்சிக் கணக்கில் இருந்தது. வெளி டாக்டருக்குக் கொடுக்க வேண்டுமானால் அவர் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். டாக்டர் நிரப்பினார். பெயர், வயது, எத்தனையாவது வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிக் கேள்வி: குழந்தையின் பாலினம். ஆண், பெண். இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் பக்கம் நகரும். ஆராய்ச்சியே அதைப் பற்றித்தானே.

“இதைத் தொட்டா நான் இங்க உள்ள போயிருவேன். தொடலீன்னா அங்க வெளிய வராது” என்றார் டாக்டர். ‘குழந்தை’ என்று மூன்றாவதாக ஒன்று இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

எங்கள் நாட்டுச் சட்டப்படி இதைச் சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாததால் விண்ணப்பம் முழுமையடையவில்லை என்று இயந்திரம் பதில் அனுப்பியது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில், இந்தத் தடவை உங்கள் பொறுமைக்கு நன்றி என்று சேர்த்து. கார்க்கிலிருந்து செந்தில் மருத்துவமனைக்கு நேரில் போனார். ஆராய்ச்சி டாக்டர் விடுமுறையில் போயிருந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண், நோயாளி நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் தரலாம் என்றாளாம். நோயாளி விமானம் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் இதைக் கேட்கிறோம் என்றாராம் இவர். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாளாம்.

“பையன்னு தொட்டுப்போடுங்க டாக்டரம்மா, நான் பொறுப்பு” என்றார் மாமா. டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் மாமா தானாகவே எழுந்து வெளியே போனார்.

கடைசியில் எனக்கு நோரா ஞாபகம் வந்தது. அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது; என் பழைய ரத்த அளவைப் பார்த்துவைக்கச் சொல்லி முதலில் ஒரு செய்தி அனுப்பினேன். டாக்டரின் அறையில், ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். அம்மாவும் செவிலிகளும் சுற்றி நின்றார்கள். மாமா கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார்.

“மெலடி!” என்று கத்தினார் நோரா. “எப்படி இருக்கிறாய் பெண்ணே? ஹவ் இஸ் ஹிம்செல்ஃப்? ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, இளைத்துவிட்டானா?”

அயர்லாந்தில் ஒரு பெண்ணிடம் அவள் கணவரைப் பற்றிக் கேட்கும்போது பெயரைச் சொல்வதில்லை. ‘ஹிம்செல்ஃப்’ என்றுதான் கேட்பார்கள். என் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசும்போது ‘அவிய’ என்பதைப் போல. நோரா கேட்டது நான் விட்டுவிட்டு வந்த செந்திலை. ஆனால் பத்தாவது வரை ஆங்கிலம் படித்த மாமாவுக்கு ‘ஹிம்’ என்றால் என்ன என்று தெரியும்.

“ஹிம்முங்கறா! சாந்தா, கேட்டியா? ஹிம்மு! வெள்ளைக்காரியே சொல்லிப்போட்டா!” என்று மாமா அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமா காரிடாரில் ஓடினார். டாக்டர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, “நான் எதையும் கேக்கலீங்க, நான் எதையும் கேக்கலீங்க” என்றார். போனுக்குள் நோரா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லிக்கொண்டிருந்ததுதான் நாங்கள் இத்தனை நாளாகத் தேடிய எண். ஒருவர் காதிலும் விழவில்லை.

“எல்லாரும் வாயை மூடுங்க!” என்று கத்தினேன். என் அம்மா முன்னால் நான் அதற்கு முன் அப்படிக் கத்தியதில்லை. அறை அடங்கியது. “நோரா, இன்னொரு தடவை சொல்லுங்கள்.”

நோராவின் குரலும் மாறியது. ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னார். டாக்டர் காதிலிருந்து கையை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு ஊரிலும் ஒரே வகைப் பரிசோதனைதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். எழுதியதைப் பார்த்தார். இங்கே வந்த அளவைப் பக்கத்தில் வைத்தார்.

“இது பல மடங்கு ஏறியிருக்குதுங்க. மாலதி, இன்னைக்கே அட்மிட் ஆயிருங்க.”

வெளியே காரிடாரில் யாரோ சிரிப்பது கேட்டது. மாமா அதற்குள் லட்டு வாங்கிவந்து செக்யூரிட்டியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

6

நுரையீரலுக்கான ஊசி போட்டார்கள். காலையும் மாலையும் குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார்கள். மாமா அந்தியூருக்கே போகவில்லை. அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. தம்பி என்று சொல்வதை மட்டும் மெல்ல விட்டுவிட்டார். “சத்தம் வந்துச்சுங்களா?” என்று செவிலியிடம் கேட்பார். வந்தது என்றால் உட்காருவார்.

ஒரு நாள் காலையில் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. இனி உள்ளே வைப்பதில் பயனில்லை என்று சொல்லி டாக்டர் கோமதி ஆபரேஷன் செய்தார். பூனைக்குட்டி கத்துவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு குழந்தையை எங்கோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வாசலுக்கு வந்த செவிலியிடம் மாமா கேட்டது இதைத்தான் என்று அம்மா பிறகு சொன்னார்: “எத்தனை கிலோங்க?”

“ஒண்ணே காலுங்க. மூச்சு விடுறாங்க. பொண்ணுங்க.”

“மூச்சு விடுதுங்களா?”

“விடுறாங்க.”

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பெண் என்று செவிலி சொன்னது அவர் காதில் ஏற மாலையாகிவிட்டது. அதன் பிறகு அந்தியூரில் ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் பையன் என்றாயே என்று கேட்டவர்களிடம் என்ன விளக்கம் கொடுத்தார் என்று தெரியவில்லை. அயர்லாந்து ரத்தம் இந்தியச் சூட்டுக்கு மாறிவிட்டது என்று ஒரு பேச்சு அங்கே இன்றும் இருக்கிறது.

அன்று மாலை டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தனை வாரங்களில் அவர் அப்படி நிதானமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“இப்பச் சொல்லலாமுங்க. பொண்ணு. ரொம்ப அழகா இருக்கறா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “மொதல் ஸ்கேன்லயே எனக்குத் தெரியும். உங்க அம்மா தம்பி தம்பிங்கறப்பெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துருமுங்க.”

“உங்களுக்கு எத்தனை தொந்தரவுங்க எங்களால. அந்தச் சட்டம் இல்லாட்டி சுலபமா இருந்திருக்கும்” என்றேன், மயக்கம் முழுசாகத் தெளியாத நிலையில்.

டாக்டர் என் கையில் ஊசி ஏறியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அம்மாவுக்கு நான் மூணாவது பொண்ணுங்க” என்றார். “நல்லவேளை, எங்க ஊருக்கு இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி பொறந்துட்டேன்.”

எழுந்து என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

7

நிலா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வாரங்களைப் பற்றியும், செந்தில் வந்து முதன்முதலாக அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டதைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். கார்க் திரும்பிய பிறகு அந்த ஆராய்ச்சி டாக்டர் எங்களைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கத்தில் ‘தெரியாது’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டாராம். அவருடைய கணக்கில் நிலா பெண் குழந்தைகள் பக்கம் சேர்ந்தாள். அவளை வைத்து ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார், முன்பு சொன்ன அதே பொறுமையோடு.

நான் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது ரொட்டி காய்ந்துபோயிருந்தது. பையனா பெண்ணா என்பதில் நிலாவுக்கு ஆர்வம் போய்விட்டது. வகுப்பில் சொல்வதற்கு மாமா குதிரையைப் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்த கதையே போதும் என்றாள். நான் நிம்மதியாக எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

“அம்மா.”

“என்ன கண்ணு?”

“உள்ள எனக்கு சாப்பாடு வரலைன்னு சொன்னீங்கல்ல. அப்ப எனக்குப் பசிச்சுதா?”

இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மாமா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. செந்தில் மறுபடி திறந்திருந்த ஃபிரிட்ஜ் கதவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். குழாயை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு அவளுக்குப் புதிதாக ஒரு ரொட்டியில் வெண்ணெய் தடவினேன்.

“பசிச்சிருக்கும்” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.